திருவாதிரையை அளப்பது எப்படி: அகச்சிவப்புக் குறுக்கீட்டுமானிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், பெரிய தொலைநோக்கிகள் நிற்கும் பரனால் மலையின் உயரம் 2,635 மீட்டர். உயரத்தில் இரண்டு மீட்டர்தான் வித்தியாசம், வானத்தில் வித்தியாசம் ஏராளம். அங்கே மழை என்பதே அபூர்வம், காற்றில் ஈரமும் மிகக் குறைவு. இங்கே நமக்கு இரண்டு பருவமழை, மிச்ச நாட்களில் பாதி மூடுபனி. கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் தொலைநோக்கியை வைத்து நிம்மதியாகப் பார்க்க முடிவது தை முதல் பங்குனி வரைதான்.

இருந்தாலும், ஒரு விண்மீனின் விட்டத்தை அளக்கும் வேலையை ஆடி மாத மழையில் வீட்டுக்குள் உட்கார்ந்தே செய்யலாம். பரனாலில் பதிவாகும் தரவுகள் பொதுவாக ஓராண்டு கழித்து எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. அவற்றைக் கையாளும் மென்பொருள்களும் இலவசம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் யங் இரட்டைப் பிளவு ஆய்வைப் புரிந்து படித்தவர் யாரும் இதைச் செய்ய முடியும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். எந்த வரிசையில் போனால் குழம்பாது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எவ்வளவு சிறியதை அளக்கிறோம்?

கோணத்துக்குப் பஞ்சாங்கத்தில் உள்ள பெயர்களே வசதியானவை: பாகை, கலை, விகலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழு நிலவின் அகலம் சுமார் அரைப் பாகை. நம் கண் பிரித்தறிவது ஏறக்குறைய ஒரு கலை. திருவாதிரை, அதாவது பெட்டல்ஜூஸ், வானில் மிகப் பெரிதாகத் தெரியும் விண்மீன்களில் ஒன்று. அதன் விட்டமே சுமார் 43 மில்லி விகலைதான். ஒரு விகலையை ஆயிரம் பங்காக்கி, அதில் 43 பங்கு. மைசூரில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு ஊட்டியிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு சிறியதாக இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு.

ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதைத் தோராயமாகச் சொல்ல, அலைநீளத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் போதும். 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் 8 மீட்டர் ஆடிக்கு இது சுமார் 57 மில்லி விகலை. திருவாதிரையே அதற்குப் புள்ளியாகத்தான் தெரியும். இன்னும் பெரிய ஆடி வேண்டும், ஆனால் 130 மீட்டர் ஆடியை யாராலும் வார்க்க முடியாது. அதனால் இரண்டு ஆடிகளை 130 மீட்டர் இடைவெளியில் வைத்து, இரண்டிலும் விழும் ஒளியை ஓரிடத்தில் சேர்க்கிறோம். இப்படிச் சேர்க்கும் அமைப்புதான் குறுக்கீட்டுமானி. பிரித்தறியும் திறனைப் பொறுத்தவரை இடைவெளிதான் கணக்கு. 2.2 மைக்ரானில் 130 மீட்டர் என்றால் சுமார் 3.5 மில்லி விகலை.

இதை என் அக்கா மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது சரியான கேள்வி: "சித்தி, இடைவெளிதான் முக்கியம்னா எட்டு மீட்டர் ஆடி எதுக்கு?" ஆடியின் பரப்பு ஒளியைச் சேகரிக்கிறது. இடைவெளி நுணுக்கத்தைத் தருகிறது. மங்கலான பொருளைப் பார்க்க இரண்டும் வேண்டும். ஆனால் நுணுக்கத்தை ஆடியின் அளவிலிருந்து பிரித்து எடுத்துவிடலாம் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை.

நீலகிரிக்காரர்களுக்கு உடனே முத்தோரை நினைவுக்கு வரும். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் செயல்படத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்டது. நம் அட்சரேகைக்குச் சமமாகச் சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதில் அமைத்தார்கள், அதனால் அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக இருக்கிறது. ஆனால் அது கேட்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். 530 மீட்டரைக் கொண்டும் அந்த அலையில் கிடைப்பது சுமார் 6 கலைதான். அதனால்தான் நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தை வைத்து அந்த மூலத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் முறைக்காக அதை வடிவமைத்தார்கள். அலைநீளமும் இடைவெளியும் சேர்ந்துதான் நுணுக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் பாடம் அது.

வாசலில் ஒரு பரிசோதனை

இரண்டு ஒளிகள் சேரும்போது கறுப்பும் வெளிச்சமுமாகப் பட்டைகள் உண்டாகும். மென்பொருளைத் தொடும் முன் அவற்றைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே கணினிக்குப் போனவர்கள் எண்களை நம்பத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வேண்டும். அதன் வாயை மூடும் அளவுக்குக் கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, 25 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு துளைகள் போடுங்கள். துளைகளின் மையங்களுக்கு இடையே 80 மில்லிமீட்டர் இருக்கட்டும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் உள்ளே இருக்கும் சிறிய ஆடி துளைகளை மறைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 200 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம் வைத்து ஒரு பிரகாசமான விண்மீனைப் பாருங்கள். தை மாத இரவில் திருவாதிரையே நம் தலைக்கு நேர் மேலே, உச்சியிலிருந்து சுமார் 4 பாகை தள்ளித்தான் கடந்து போகிறது. வட்டமான ஒளிப்பொட்டின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். அவைதான் குறுக்கீட்டுப் பட்டைகள். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 1.4 விகலை. துளைகளை 150 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு அட்டை செய்தால் பட்டைகள் நெருங்கிவிடும். பகலில் இந்தத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

பொறுமை இருந்தால் அடுத்து வியாழனின் துணைக்கோளான கேனிமீடை முயலுங்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. புள்ளி போன்ற விண்மீனில் பட்டைகள் கூர்மையாக இருக்கும். அகலமுள்ள பொருளில், அதன் ஒவ்வொரு பகுதியும் தன் பட்டைகளைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போடுவதால் எல்லாம் கலந்து மங்கும். ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் பட்டைகள் முற்றிலும் மறைந்துவிடும். அந்த இடைவெளி, 1.22ஐ அலைநீளத்தால் பெருக்கி, பொருளின் கோண விட்டத்தால் வகுத்த அளவு. கேனிமீட் 1.5 விகலை இருக்கும் நாளில் பச்சை ஒளிக்கு அது சுமார் 92 மில்லிமீட்டர். அமெரிக்க இயற்பியலாளர் மைக்கேல்சன் 1891இல் லிக் வானாய்வகத்தில் வியாழனின் துணைக்கோள்களை இந்த முறையில்தான் அளந்தார்.

அதே மைக்கேல்சனும் பீஸும் 1920 டிசம்பரில் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் 20 அடி இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, ஆடிகளை மெல்ல விலக்கிக்கொண்டே போனார்கள். சுமார் 3.07 மீட்டரில் திருவாதிரையின் பட்டைகள் மறைந்தன. கால்குலேட்டரை எடுங்கள்: 1.22 × 0.575 மைக்ரான் ÷ 3.07 மீட்டர். விடை ரேடியனில் வரும், அதை 206,265ஆல் பெருக்கினால் விகலை. 0.047 கிடைக்கும். சூரியனைத் தவிர வேறொரு விண்மீனின் விட்டம் முதன்முதலில் அளக்கப்பட்டது இந்த ஒரு பெருக்கல் வகுத்தலில்தான்.

ஏன் அகச்சிவப்பு?

காற்றுதான் முதல் காரணம். மேலே காற்று கொதிக்கும் பாத்திரத்து நீர் போல அலைந்துகொண்டே இருக்கிறது. ஒளி அலை கசங்காமல் இருக்கும் திட்டின் அகலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அகலம் அலைநீளத்தின் 1.2 அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. 0.55 மைக்ரானிலிருந்து 2.2 மைக்ரானுக்குப் போனால் அலைநீளம் நான்கு மடங்கு, திட்டின் அகலம் ஐந்து மடங்குக்கு மேல், அதாவது அரை மீட்டர். அலை நிலையாக இருக்கும் நேரமும் அதே விகிதத்தில் கூடும். 5 மில்லி விநாடியில் கலைந்துபோகும் பட்டை, அகச்சிவப்பில் 25 மில்லி விநாடிக்கு மேல் நிற்கும். கேமராவால் அதைப் பிடிக்க முடியும்.

இரண்டாவது, தூசு. பால்வீதியின் மையத்துக்கும் நமக்கும் இடையே கிடக்கும் தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறைய முழுமையாக விழுங்கிவிடுகிறது. 2 மைக்ரானில் ஊடுருவிப் பார்க்கலாம். பரனாலின் கிராவிட்டி கருவி 2018இல் எஸ்2 என்ற விண்மீன் அங்குள்ள கருந்துளையை நெருங்கிச் சுற்றித் திரும்பியதைப் பின்தொடர்ந்தது அகச்சிவப்பால்தான். தூசு தானே ஒளிர்வதும் இங்கேதான்: 1,000 கெல்வின் சூட்டில் உள்ள தூசு சுமார் 3 மைக்ரானில் உச்சமாக ஒளிரும், அறைவெப்பத்தில் உள்ளது 10 மைக்ரானில். புதிய விண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் தட்டுகளின் சூடான உட்பகுதியைப் பார்க்க அகச்சிவப்புதான் ஏற்றது.

ஒளியைச் சேர்க்கும் வேலை

ரேடியோவில் ஒவ்வொரு ஆன்டெனாவும் வாங்கும் அலையைப் பதிவுசெய்து, பிறகு கணினியில் சேர்க்கலாம். 2.2 மைக்ரான் அலை விநாடிக்கு சுமார் 136 லட்சம் கோடி முறை அதிர்கிறது. அதை அப்படியே பதிவுசெய்யும் கருவி இல்லை. 11 மைக்ரானில் சார்லஸ் டவுன்ஸ் லேசர் ஒளியோடு கலந்து ரேடியோ முறையைக் கையாண்டார், அது தனிக் கதை. மற்ற இடங்களில் ஒளியையே ஆடி ஆடியாகத் திருப்பி, சுரங்கத்தின் வழியே கொண்டுவந்து, நேரடியாகச் சேர்க்க வேண்டும்.

சேர்க்கும்போது இரண்டு பாதைகளின் நீளமும் சமமாக இருக்க வேண்டும். எவ்வளவு சமம்? 2.2 மைக்ரான் பகுதி முழுவதையும் ஒன்றாகப் பயன்படுத்தினால், வித்தியாசம் சுமார் 12 மைக்ரானுக்குள். தலைமுடியின் தடிமனில் ஆறில் ஒரு பங்கு. விண்மீன் வானில் நகர நகர ஒரு பாதை நீண்டு மற்றது குறுகிக்கொண்டே இருக்கும். இதை ஈடுகட்ட, பரனால் சுரங்கத்தில் 60 மீட்டர் தண்டவாளத்தில் ஆடி பொருத்திய வண்டிகள் இரவு முழுவதும் ஓடுகின்றன. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும் நம் மலை ரயிலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தண்டவாளத்தில் ஓடும் ஒரு வண்டி மைக்ரானுக்கும் குறைவான பிழையோடு நிற்கிறது என்பது இன்றும் வியப்புதான்.

இன்று பெரும்பாலான வேலை நடப்பது இரண்டு இடங்களில். பரனாலில் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளும், இடம் மாற்றிவைக்கக்கூடிய நான்கு 1.8 மீட்டர் தொலைநோக்கிகளும் உண்டு. பயோனியர், கிராவிட்டி, மாட்டிஸ் ஆகியவை ஒரே நேரத்தில் நான்கின் ஒளியைச் சேர்க்கும் கருவிகள். மவுண்ட் வில்சனில் உள்ள சாரா வரிசையில் ஆறு 1 மீட்டர் தொலைநோக்கிகள், மிக நீளமான இடைவெளி 331 மீட்டர்.

கணினியில் திட்டமிடுதல்

இனி நம் கைவேலை. பிரான்ஸில் உள்ள ஜான்-மரி மரியோட்டி மையம் ஆஸ்ப்ரோ2 என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. ஜாவா இருந்தால் எந்தக் கணினியிலும் ஓடும். விண்மீனின் பெயரை இட்டால் அதன் இடத்தையும் பிரகாசத்தையும் தானே எடுத்துக்கொள்ளும். அதன்பின் இணையம் அவசியமில்லை. மரம் விழுந்து இரண்டு நாள் கம்பி அறுந்து கிடக்கும் ஊரில் இது பெரிய வசதி.

தொலைநோக்கி வரிசை, கருவி, தேதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். விண்மீன் எந்த நேரத்தில் எட்டும், வண்டிகளின் ஓட்டம் எதுவரை போதும் என்று ஒரு நேர வரைபடம் காட்டும். அப்புறம் யுவி தளம் என்ற படத்தைத் திறங்கள். இது புற ஊதா அல்ல; விண்மீனிலிருந்து பார்த்தால் தெரியும் இடைவெளிகளின் நீளத்தையும் திசையையும் காட்டும் படம். ஒவ்வொரு ஜோடித் தொலைநோக்கிக்கும் ஒரு புள்ளி விழும், பூமி சுழலச் சுழல அது வில்லாக நீளும். நான்கு தொலைநோக்கிக்கு 6 ஜோடி, ஆறுக்கு 15. புள்ளிகள் எல்லாத் திசையிலும் பரவியிருந்தால் நல்லது. எல்லாம் ஒரே கோட்டில் கிடந்தால் அந்தத் திசையில் மட்டுமே விண்மீனின் அளவு தெரியும்.

திருவாதிரையை முதல் பாடமாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 1.65 மைக்ரானில் அதன் பட்டைகள் 10 மீட்டருக்குள்ளேயே மறைந்துவிடும். பரனாலின் மிகச் சிறிய இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவு, எனவே கிடைக்கும் தரவு எல்லாம் மறைந்த பிறகு மீண்டும் எழும் சின்னஞ்சிறு அலைகளாக இருக்கும். 8 மில்லி விகலை விட்டமுள்ள சாதாரணச் சிவப்புப் பூத விண்மீன் ஒன்றை எடுங்கள். 52 மீட்டரில் அதன் பட்டைகள் மறையும். வளைவு இறங்குவது, சுழியைத் தொடுவது, மீண்டும் எழுவது எல்லாம் ஒரே படத்தில் தெரியும். ஆஸ்ப்ரோ2 போலித் தரவையும் உருவாக்கித் தரும், முதலில் அதில் பழகுங்கள்.

உண்மைத் தரவும் ஒப்பீட்டு விண்மீனும்

அதே மையத்தின் ஓஐடிபி தரவுத்தளத்தில் ஏற்கெனவே சீர்செய்யப்பட்ட கோப்புகள் கிடைக்கும். வடிவம் ஓஐஃபிட்ஸ். இதன் முதல் தரநிலை 2005இல் வந்தது, எல்லாக் கருவிகளும் இதையே பின்பற்றுகின்றன. ஓஐஃபிட்ஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற மென்பொருளில் திறந்தால் இரண்டு முக்கிய அளவைகள் இருக்கும்: பட்டைத் தெளிவின் வர்க்கம், க்ளோஷர் ஃபேஸ் (இது என்ன என்று பிறகு சொல்கிறேன்).

பட்டைத் தெளிவு 1 என்றால் புள்ளி, 0 என்றால் பட்டை மறைந்துவிட்டது. ஆனால் காற்றும் கருவியும் சேர்ந்து எல்லா விண்மீனின் தெளிவையும் குறைத்துவிடும். எவ்வளவு குறைத்தது என்று அறியத்தான் ஒப்பீட்டு விண்மீன். அது வானில் பக்கத்தில் இருக்க வேண்டும், பிரகாசம் ஒத்திருக்க வேண்டும், விட்டம் மிகச் சிறியதாகவும் முன்பே தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். அதன் தெளிவின் வர்க்கம் 0.98 என்று எதிர்பார்த்த இடத்தில் 0.70 வந்தால், அன்றைய இரவின் விகிதம் 0.714. நம் விண்மீன் 0.25 காட்டியிருந்தால் உண்மை மதிப்பு 0.35. இடைவெளி 100 மீட்டர், அலைநீளம் 1.65 மைக்ரான் என்றால் சீரான வட்டத்துக்கான சூத்திரப்படி விட்டம் சுமார் 2.1 மில்லி விகலை.

மூலத் தரவிலிருந்தே ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டாம் ஆண்டில் மூன்று வாரம் உழைத்து நான் எடுத்த விட்டம் இரவுக்கு இரவு மாறிக்கொண்டே இருந்தது. விண்மீனே துடிக்கிறது என்று நம்பிக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். கடைசியில் பார்த்தால் ஒப்பீட்டு விண்மீன் ஒற்றை அல்ல, இரட்டை. அதன் க்ளோஷர் ஃபேஸ் சுழியாக இல்லாமல் ஆரம்பத்திலேயே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒப்பீட்டு விண்மீனின் க்ளோஷர் ஃபேஸை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

அது என்ன க்ளோஷர் ஃபேஸ்? பட்டைகள் எந்த இடத்தில் விழுகின்றன என்பதைக் காற்று குலைத்துவிடுகிறது. ஆனால் மூன்று தொலைநோக்கிகளை முக்கோணமாக எடுத்து, மூன்று பக்கங்களின் கட்டங்களையும் (பட்டைகள் விழும் இடத்தைக் கோணமாகச் சொல்லும் அளவு) கூட்டினால், ஒவ்வொரு தொலைநோக்கியின் மேலுள்ள காற்றின் பிழையும் ஒரு முறை கூடி ஒரு முறை கழிந்து நீங்கிவிடும். மிஞ்சுவது விண்மீனுக்கே உரியது. 1958இல் ஜெனிசன் ரேடியோவுக்காகக் கண்ட வழி இது. விண்மீன் சமச்சீராக இருந்தால் விடை 0 அல்லது 180 பாகை. வேறு எதுவாக இருந்தாலும் மேற்பரப்பில் புள்ளி, துணை விண்மீன், சாய்ந்த தட்டு என்று ஏதோ ஒன்று இருக்கிறது.

மாதிரியும் படமும்

லிட்புரோ அல்லது பைத்தானில் எழுதப்பட்ட பிமோயர்டு மென்பொருளில் தரவை ஏற்றி, சீரான வட்டத்தைப் பொருத்துங்கள். ஒரே தொடக்க மதிப்பிலிருந்து பொருத்தி நிறுத்திவிடாதீர்கள். 1 முதல் 60 மில்லி விகலை வரை விட்டத்தை மாற்றி மாற்றிப் பிழையின் வரைபடம் போட்டால் பல பள்ளங்கள் தெரியும், ஆழமானதே விடை. வட்டம் பொருந்தாவிட்டால் விளிம்பு மங்கலை (நடுவைவிட ஓரம் மங்கலாகத் தெரிவது) சேருங்கள், அப்புறம் நீள்வட்டம், அப்புறம் துணை விண்மீன்.

நீள்வட்டம் என்றதும் திருவோணம். ஆல்டேர் என்று உலகம் அழைக்கும் அந்த விண்மீன் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தன்னைத்தானே சுற்றுகிறது, அதனால் நடுப்பகுதி துருவத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் உப்பியிருக்கிறது. 2007இல் சாரா வரிசை அதன் மேற்பரப்பையே படமாக்கியது. துருவம் சுமார் 8,500 கெல்வின், நடுப்பகுதி சுமார் 6,900. கேட்டை, அதாவது அண்டாரஸின் மேற்பரப்பில் வாயு எழுந்தும் அமிழ்ந்தும் ஓடும் வேகத்தைப் பரனால் குழு 2017இல் வரைபடமாக்கியது. ஜாதகத்தில் பெயராக மட்டுமே நாம் அறிந்த விண்மீன்களுக்கு முகம் கிடைத்தது இப்படித்தான்.

படம் உருவாக்க ஓஇமேஜிங் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். படப்புள்ளியின் அகலம், அலைநீளத்தை மிக நீளமான இடைவெளியால் வகுத்ததில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இரண்டு வெவ்வேறு வழிமுறைகளில் படம் செய்து ஒப்பிடுங்கள். முக்கியமான சோதனை இன்னொன்று: அதே யுவி புள்ளிகளை வைத்து, மேற்பரப்பில் புள்ளியே இல்லாத வெறும் வட்டத்துக்குப் போலித் தரவு செய்து, அதையும் படமாக்குங்கள். அதிலும் புள்ளிகள் தோன்றினால் முதல் படத்தில் தோன்றியவையும் விண்மீனுடையவை அல்ல.

இவ்வளவும் கைவந்த பிறகு திருவாதிரைக்கு வாருங்கள். 2019 இறுதியில் அது திடீரென்று மங்கத் தொடங்கியதைக் கோத்தகிரியிலிருந்து வெறும் கண்ணாலேயே பார்த்தோம். 2020 பிப்ரவரியில் கிராவிட்டி அளந்த விட்டம் சுமார் 42 மில்லி விகலை, பழைய அளவுகளிலிருந்து பெரிதாக மாறவில்லை. எனவே விண்மீன் சுருங்கியதால் மங்கவில்லை, அது வெளியேற்றிய வாயுவில் உருவான தூசு முன்னால் வந்து மறைத்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். அந்தத் தரவை எடுத்து, 10 மீட்டருக்கு அப்பால் எழும் சிறு அலைகளில் வட்டம் எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். விலகும் இடங்களில் க்ளோஷர் ஃபேஸ் 0, 180 இரண்டையும் விட்டுத் தள்ளியிருக்கிறதா என்று பார்த்த பிறகே புள்ளிகளை மாதிரியில் சேருங்கள்.